அம்மாவின் பெயர்: டூமா என்ற குடும்பப் பெயரின் கதை

பிரான்சில் இருக்கிற என்ர சித்தப்பாவின் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் எங்கட அப்பப்பாவின் பெயர். அப்பப்பா பிரான்சைக் கண்டதே இல்லை. சித்தப்பா அங்கே போய் இறங்கி விண்ணப்பப் படிவம் நிரப்பின நேரம், குடும்பப் பெயர் என்ற பெட்டிக்குள் என்ன எழுதுறது எண்டு தெரியாமல் தகப்பன் பெயரை எழுதியிருக்கிறார். அவ்வளவுதான். இப்ப அவருடைய பிள்ளைகள், நாளைக்கு அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள், எல்லாருக்கும் அதுதான் பரம்பரைப் பெயர். ஊரில இருக்கிற எனக்கோ அப்பாவின் பெயர் ஒரு முதலெழுத்தாக மட்டும் முன்னால நிக்குது. எனக்குப் பிறகு அந்த எழுத்தும் மாறிவிடும்.

இதை யோசிச்சுக்கொண்டிருந்தபோதுதான் மற்றக் கேள்வி வந்தது. பிரெஞ்சுக்காரருக்குக் குடும்பப் பெயர் எப்படி வந்தது? அவர்களுக்கும் யாரோ ஒருநாள் ஒரு பெட்டியைக் காட்டி நிரப்பச் சொன்னார்களா? கிட்டத்தட்ட அப்படித்தான். அதைச் சொல்ல ஒரு பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: டூமா. ‘மூன்று துப்பாக்கி வீரர்கள்’, ‘மொந்தே கிறிஸ்ரோ பிரபு’ நாவல்களை எழுதிய அலெக்சாந்தர் டூமாவின் பெயர்தான். எங்கட பக்கம் ‘டூமாஸ்’ என்று எழுதுவார்கள். அவருடைய பெயரில் கடைசி ‘ஸ்’ உச்சரிப்பில் வராது.

வளவுக்காரர்

‘டூமா’ என்ற பெயருக்கு நேரடிப் பொருள் ‘மா’வைச் சேர்ந்தவர். ‘து’ என்பது ‘இன், இலிருந்து’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். ‘மா’ அல்லது ‘மாஸ்’ என்பது தென் பிரான்சின் ஒக்சித்தான் மொழிச் சொல். வீடும், அதோடு சேர்ந்த காணியும், தொழுவமும், களஞ்சியமும் எல்லாம் சேர்ந்த ஒரு பண்ணையிருப்பு அது. யாழ்ப்பாணத்துச் சொல்லில் சொன்னால் ‘வளவு’ கிட்ட வரும். இலத்தீனில் ‘மான்சுஸ்’ என்றால் ஒரு குடும்பம் இருந்து பிழைக்கக்கூடிய காணி. அதற்கும் அடியில் இருப்பது ‘தங்குதல்’ என்று பொருள்படும் வினைச்சொல். வீட்டுக்கான பிரெஞ்சுச் சொல்லான ‘மேசோன்’ வந்ததும் அதே வேரிலிருந்துதான்.

ஆக ஒரு தென்னாட்டுக் கிராமத்தில் நாலு பியேர், ஐந்து ஜோன் இருந்தால், வளவில இருக்கிற ஜோன் என்று ஒருத்தரைப் பிரித்துச் சொல்ல வேண்டி வந்தது. 11ஆம் நூற்றாண்டு தொடக்கம் பிரான்ஸ் முழுக்க இது நடந்தது. ஞானஸ்நானப் பெயர்கள் கொஞ்சம், ஆட்கள் கூட. அதனால் பட்டப் பெயர் வைத்தார்கள். கொல்லனுக்கு லெபேவ்ர். பாலத்தடியில் இருந்தவருக்கு டூபோன். கட்டையானவருக்குப் பெத்தி. தகப்பன் பெயர் மார்த்தான் என்றால் பிள்ளையும் மார்த்தான். இன்றைக்குப் பிரான்சில் ஆகக் கூடுதலாக இருக்கிற குடும்பப் பெயர் இந்த மார்த்தான்தான். அது தகப்பன் பெயரிலிருந்து வந்த பெயர் என்பதைக் கவனியுங்கோ. சித்தப்பா செய்ததை அவர்கள் 800 வருடங்களுக்கு முன்னமே செய்திருக்கிறார்கள்.

டூமாவுக்கு ஒரு இரட்டைச் சகோதரன் உண்டு: டெல்மாஸ். அது முழுக்க ஒக்சித்தான் வடிவம். டூமாவில் முன்பாதி பிரெஞ்சு, பின்பாதி ஒக்சித்தான். ஒரே வளவு, எழுதியவரின் மொழி வேறு. தெற்கில் பிரெஞ்சு மொழி நிர்வாக மொழியாக ஏறி உட்கார்ந்த கதை இந்தச் சின்னப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

தெற்குக்காரருக்கு இது இன்றும் சாதாரணப் பெயர். ஈபிள் கோபுரத்தின் முதல் தளத்துக்குக் கீழே சுற்றிவர 72 விஞ்ஞானிகள், பொறியியலாளர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதில் டூமா என்றும் ஒன்று இருக்கிறது. அது நாவலாசிரியர் இல்லை. 1800இல் தெற்கே அலேஸ் என்ற ஊரில் பிறந்த இரசாயனவியலாளர் ஜோன் பப்திஸ்த் டூமா.

பெயரைக் கட்டிப்போட்ட ஊர்

பட்டப் பெயர் ஒருவரோடு பிறந்து அவரோடு செத்துப் போகலாம். அது பரம்பரைக்கும் ஒட்ட வேண்டுமென்றால் யாராவது எழுதி வைக்க வேண்டும். 1539 ஓகஸ்டில் முதலாம் பிரான்சுவா மன்னர், பாரிசுக்கு வடகிழக்கே உள்ள விலேர் கொத்ரே என்ற ஊரில் இருந்த தன் மாளிகையில் வைத்து ஒரு கட்டளையில் கையெழுத்திட்டார். 192 பிரிவுகள் கொண்ட அந்தக் கட்டளை இரண்டு விசயங்களுக்காக இன்றும் பேசப்படுகிறது. ஒன்று, சட்ட ஆவணங்கள் இலத்தீனில் இல்லாமல் பிரெஞ்சில் எழுதப்பட வேண்டும். மற்றது, பங்குக் குருமார் ஞானஸ்நானங்களைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

பதிவேடு வந்த பிறகு பெயர் மெல்ல மெல்ல உறையத் தொடங்கியது. 1579இல் திருமணப் பதிவும் கட்டாயமானது. புரட்சிக் காலத்தில், 1792 செப்டெம்பரில், பதிவேடு கோவிலிடமிருந்து நகரசபையிடம் போனது. புரட்சியின் சூட்டில் ஆட்கள் விரும்பிய பெயரை எடுத்துக்கொள்ளலாம் என்று கொஞ்சக் காலம் இருந்தது. 1794 ஓகஸ்ட் 23இல் அதற்கும் முற்றுப்புள்ளி: பிறப்புப் பதிவில் உள்ள பெயரையும் குடும்பப் பெயரையும் தவிர வேறெதையும் எந்தக் குடிமகனும் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பெயரை ஊர் சொன்ன காலம் முடிந்தது. அது அரசின் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

விலேர் கொத்ரே என்ற ஊர்ப் பெயரை மட்டும் மறக்க வேண்டாம். திரும்பவும் அங்கே வருவோம்.

ஆளுநரும் அடிமையும்

எழுதப்பட்ட பெயர் கப்பலேறியும் போனது. புதுச்சேரியில் வெள்ளை நகரம் என்று சொல்லப்படும் பிரெஞ்சுப் பகுதியில் டூமா வீதி என்று ஒன்று இருக்கிறது. 1735 முதல் அங்கே ஆளுநராக இருந்தவர் பியேர் பெனுவா டூமா. 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரரின் கைக்குப் போனது இவர் காலத்தில்தான். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்கும் 1736இலும் இவர்தான் ஆளுநர். புதுச்சேரிக்கு வருமுன் இவர் இந்து சமுத்திரத்தில் உள்ள பூர்போன் தீவை, அதாவது இன்றைய ரியூனியனை, நிர்வகித்தவர். அங்கே கோப்பித் தோட்டங்களில் அடிமைகள் வேலை செய்தார்கள்.

இது ஒரு டூமா. மற்ற டூமா அட்லாண்டிக்கின் மறுகரையில், அடிமைகளின் பக்கத்தில் இருக்கிறாள்.

சென் டொமிங்கு என்பது இன்றைய ஹெயிட்டி. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் ஆகப் பணக்காரக் குடியேற்றம். சீனியும் கோப்பியும் விளைந்த அந்த மண்ணில் 1789 அளவில் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். 1738இல் நோர்மண்டியைச் சேர்ந்த ஒரு பிரபுக் குடும்பத்து மகன் அங்கே போய் இறங்கினார். அவருடைய பெயர் அலெக்சாந்தர் அந்துவான் டவி து லா பையெத்ரி. பெயர் நீளம், கை வெறுமை. கரும்புத் தோட்டம் வைத்திருந்த தம்பியோடு பத்து வருடம் ஒட்டியிருந்து, 1748இல் சண்டைபிடித்துக்கொண்டு தலைமறைவானார். தீவின் மேற்கு மூலையில் ஜெரெமி என்ற பகுதியில் அந்துவான் டெலில் என்ற பொய்ப் பெயரில் வாழ்ந்தார். பிரபு தன் பெயரைத் தான் நினைத்தபடி கழற்றி வைக்கலாம், வேண்டும்போது திரும்பப் போடலாம். அதையும் ஒரு வசதி என்று பார்க்க வேண்டும்.

அவர் விலைக்கு வாங்கிய கறுப்பினப் பெண் மரி செசெத். அவர்களுக்கு 1762 மார்ச் 25இல் ஒரு மகன் பிறந்தான்: தொமா அலெக்சாந்தர். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்பதுதான் சட்டம்.

தோட்டக் கணக்குகளில் அடிமைக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு தனிப்பெயர், வயது, பெறுமதி, அவ்வளவுதான். விடுதலையானவர்களுக்கும் பெயர் இலேசில் கிடைக்கவில்லை. 1773இல் சென் டொமிங்கு நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது: சுதந்திரமான கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் வெள்ளையரின் குடும்பப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது. ஆபிரிக்க மொழியிலிருந்தோ, தங்கள் தொழிலிலிருந்தோ, நிறத்திலிருந்தோ ஒரு பெயரை எடுத்துக்கொள்ள வேண்டும். தகப்பன் வெள்ளையன் என்று ஊருக்கே தெரிந்தாலும், தாளில் அது தெரியக் கூடாது.

மரி செசெத்துக்கு ‘டூமா’ எப்படி ஒட்டியது என்பதற்கு, பண்ணையைச் சேர்ந்தவள் என்ற பொருளில் வந்திருக்கலாம் என்று ஒரு விளக்கம் சொல்லப்படுவதுண்டு. அப்படியென்றால் பாருங்கோ, தென் பிரான்சில் வளவு வைத்திருந்தவரைக் குறித்த அதே சொல், இங்கே வளவுக்குச் சொந்தமாக இருந்தவளைக் குறிக்கிறது. அவள் கைப்பட எழுதியது ஒன்றும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அவளுடைய பெயர் இன்று உலகத்துக்குத் தெரிவதற்குக் காரணம் அவளுடைய மகன் செய்த ஒரு காரியம்.

1786 யூன் 2

1775இல் தம்பிமார் செத்துப்போக, பிரபு தன் பட்டத்தையும் சொத்தையும் உரிமை கோர பிரான்சுக்குத் திரும்பினார். கப்பல் காசுக்காகத் தன் மகனையே ஒரு கப்டனிடம் ஈடு வைத்தார். பிறகு மீட்கலாம் என்ற நிபந்தனையோடு செய்த விற்பனை அது. அடுத்த வருடம் மீட்டு எடுத்து, 14 வயதில் மகன் பிரான்சில் வந்து இறங்கினான். பிரெஞ்சு மண்ணில் அவன் சுதந்திரன். பாரிசில் நல்ல உடுப்பு, வாள் பயிற்சி, பிரபு வீட்டுப் பிள்ளைக்கான படிப்பு எல்லாம் கிடைத்தது. தகப்பனின் பெயரும் கிடைத்தது.

1786 தொடக்கத்தில் தகப்பன் தன் வீட்டுப் பணிப்பெண்ணைக் கலியாணம் செய்தார். தகப்பனுக்கும் மகனுக்கும் முறிந்தது. மகன் இராணுவத்தில் சேர முடிவெடுத்தார். அந்தக் காலத்தில் நாலு தலைமுறைப் பிரபுத்துவத்தை நிரூபித்தால்தான் நேராக அதிகாரியாகலாம். இவர் சாதாரணச் சிப்பாயாகச் சேரப் போனார். கடைநிலைச் சிப்பாயாகப் போவதென்றால் என் பெயரை இழுக்காதே என்று தகப்பன் சொன்னதாகப் பேரன், அதாவது நாவலாசிரியர், தன் நினைவுக்குறிப்புகளில் எழுதுகிறார்.

1786 யூன் 2ஆம் திகதி அரசியின் குதிரைப்படை ரெஜிமெண்டின் பதிவேட்டில் விழுந்த பெயர் அலெக்சாந்தர் டூமா. பெற்றோர் அந்துவான், செசெத் டூமா. ‘டவி’யும் இல்லை, ‘லா பையெத்ரி’யும் இல்லை. தாயின் பெயர் மேலே வந்துவிட்டது. தகப்பன் வெறும் அந்துவான்.

இந்த ஒரு வரியில்தான் எனக்கு இந்தக் கதை முழுக்க நிக்குது. அடிமையின் பிள்ளைக்குத் தாயிடமிருந்து சட்டப்படி கிடைத்தது அடிமைத்தனம் மட்டும்தான். பெயர் வெள்ளைத் தகப்பன் இரங்கிக் கொடுப்பது. அவர் அதைத் தலைகீழாக்கினார். தகப்பன் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தாயிடம் இருந்த ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டார். கோபத்தில் செய்திருக்கலாம், வேறு வழியில்லாமலும் செய்திருக்கலாம். ஆனால் பிறகு ஜெனரலாகி, எந்தப் பெயரையும் போட்டுக்கொள்ளக்கூடிய நிலைக்கு வந்த பிறகும், அவர் ஜெனரல் டூமாவாகவே இருந்தார்.

சிப்பாயாகச் சேர்ந்தவர் புரட்சிப் படையில் 7 வருடத்துக்குள் ஜெனரல். 1794இல் அல்ப்ஸ் மலையில் மோன் செனி கணவாயைப் பிடித்தார். 1798இல் நெப்போலியனோடு எகிப்துக்குப் போன குதிரைப்படைக்கு இவர்தான் தளபதி. அங்கே இரண்டு பேருக்கும் முரண்பாடு. திரும்பி வரும் வழியில் கப்பல் பழுதாகி இத்தாலியின் தென்கரையில் ஒதுங்க, நேப்பிள்ஸ் அரசு அவரைப் பிடித்து 2 வருடம் சிறையில் வைத்தது. உடம்பு குலைந்து 1801இல் வெளியே வந்தார். குற்றமில்லாமல் சிறையில் கிடக்கிற மொந்தே கிறிஸ்ரோவின் நாயகனை வாசித்தவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கும்.

திரும்பவும் விலேர் கொத்ரே

ஜெனரல் டூமா 1792இல் கலியாணம் செய்தது ஒரு விடுதிக்காரரின் மகளை. பெயர் மரி லுயீஸ் லபுரே. ஊர் விலேர் கொத்ரே. ஆம், குடும்பப் பெயர்களைத் தாளில் கட்டிப்போட்ட 1539 கட்டளை பிறந்த அதே ஊர். சிறையிலிருந்து வந்தவர் அங்கேதான் ஒதுங்கினார்.

1802 மே 20இல் நெப்போலியனின் அரசு குடியேற்றங்களில் அடிமை முறையைத் திரும்பச் சட்டமாக்கியது. புரட்சி அதை ஒழித்து 8 வருடம்தான் ஆகியிருந்தது. இரண்டு மாதம் கழித்து, யூலை 24இல், விலேர் கொத்ரேயில் ஜெனரலுக்கு ஒரு மகன் பிறந்தான். அந்தப் பிள்ளைதான் நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமா. பிள்ளைக்கு 3 வயதாக இருக்கும்போது, 1806 பெப்ரவரியில், தகப்பன் இறந்துபோனார். விதவைக்கு ஓய்வூதியம்கூடக் கிடைக்கவில்லை.

1814இல் நெப்போலியன் விழுந்து மன்னராட்சி திரும்பியது. இப்ப பழைய பிரபுப் பெயர்களுக்குத் திரும்ப மவுசு. தாய் மகனைக் கூப்பிட்டு, தாத்தாவின் டவி து லா பையெத்ரி என்ற பெயர் வேண்டுமா, டூமா என்ற பெயர் வேண்டுமா என்று கேட்டதாக அவர் நினைவுக்குறிப்புகளில் சொல்கிறார். வீட்டில் வறுமை. பிரபுப் பெயரை எடுத்தால் அரச சலுகை கிடைக்கலாம். 12 வயதுப் பெடியன் டூமாவைத்தான் எடுத்தான். நாவலாசிரியர் சொல்கிற கதை, அதில் கொஞ்சம் மெருகு இருக்கத்தான் செய்யும். ஆனால் அவர் கையெழுத்திட்ட ஒவ்வொரு நாவலிலும் அந்தத் தெரிவு இருக்கிறது.

மூன்றாம் தலைமுறையில் பெயர் வேறொரு விதமாகக் கதவைத் தட்டியது. நாவலாசிரியருக்கும் லோர் லபே என்ற தையல்காரப் பெண்ணுக்கும் 1824இல் ஒரு மகன். கலியாணம் இல்லை. 1831இல்தான் தகப்பன் சட்டப்படி அவனை ஏற்றுக்கொண்டார். தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானத்தை அந்த மகன் வாழ்நாள் முழுக்க எழுத்தில் கொண்டுவந்தார். ‘கமேலியாப் பூப் பெண்மணி’யை எழுதிய இளைய அலெக்சாந்தர் டூமா இவர்தான். தகப்பன் போகாத பிரெஞ்சு அக்கடமிக்கு 1874இல் தெரிவானார். அடிமைப் பெண்ணிடமிருந்து எடுத்த பெயர், இரண்டு தலைமுறைக்குள், ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தி வைக்கிற அளவுக்குக் கனமான பெயராக மாறியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஜெனரல் டூமாவின் மகன் தன் தகப்பன் கற்றுக்கொண்ட பாடத்தைத் தன் மகனுக்குக் கொடுக்க மறந்துவிட்டார்.

எழுதுகிறவர் யார்?

1848இல் பிரான்ஸ் அடிமை முறையை இறுதியாக ஒழித்தபோது, குவாதலூப்பில் மட்டும் ஏறத்தாழ 87,000 பேர் ஒரேயடியாகக் குடிமக்களானார்கள். குடிமகன் என்றால் குடும்பப் பெயர் வேண்டும். எழுத்தர் பதிவேட்டோடு உட்கார, ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பழைய எசமானின் பெயரைக் கொடுக்கக் கூடாது என்பதால், எழுத்தர்கள் ஊர்ப் பெயர், புராணப் பெயர், எழுத்துகளை முன்பின் மாற்றிக் கோத்த பெயர் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் எழுதினார்கள். அந்தப் பெயர்களோடுதான் இன்றைக்கும் அங்குள்ள குடும்பங்கள் வாழ்கின்றன.

குடும்பப் பெயர் என்றதும் இரத்தம், வேர், பூர்வீகம் என்று பேசத் தொடங்கிவிடுகிறோம். டூமா என்ற பெயரைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனால் எனக்குத் தெரிவது அது இல்லை. பேனா யார் கையில் இருந்தது என்பதுதான் தெரிகிறது. குருவானவர், தோட்டக் கணக்காளர், இராணுவ எழுத்தர், நகரசபை அலுவலர். ஒரே பெயர் ஆளுநருக்கும் விழுந்தது, அடிமைக்கும் விழுந்தது. இதற்குள் ஒரே ஒருத்தர், ஒரு யூன் மாதத்தில், தனக்கு வேண்டியதைச் சொல்லி எழுத வைத்தார்.

அவர் செய்ததை பிரெஞ்சுச் சட்டம் ஏற்றுக்கொள்ள இரண்டு நூற்றாண்டு எடுத்தது. 2005 சனவரி முதல்தான் பிள்ளைக்குத் தாயின் குடும்பப் பெயரைக் கொடுக்கப் பெற்றோருக்கு உரிமை வந்தது. 2022 யூலை முதல், 18 வயது வந்த எவரும் நகரசபையில் ஒரு படிவம் கொடுத்து, தகப்பன் பெயருக்குப் பதிலாகத் தாயின் பெயரை எடுத்துக்கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

2002 நவம்பரில் நாவலாசிரியரின் உடலை விலேர் கொத்ரேயிலிருந்து பாரிசுக்குக் கொண்டுபோய், பிரான்ஸ் தன் பெரியவர்களை வைக்கும் பந்தியோனில் வைத்தார்கள். ஜெனரலுக்குப் பாரிசில் இருந்த சிலையை நாசி ஆக்கிரமிப்புக் காலத்தில் அழித்துவிட்டார்கள். 2009இல் அதே சதுக்கத்தில் அவர் நினைவாக ஒரு சிற்பம் வைக்கப்பட்டது. ஆள் உருவம் இல்லை. உடைந்த பெரிய விலங்கு மட்டும். செசெத்துக்கு எது நினைவுச் சின்னம் என்று கேட்டால், உலகம் முழுக்க உள்ள நூலகங்களில் ‘மூன்று துப்பாக்கி வீரர்க’ளின் அட்டையைப் பார்க்கச் சொல்லலாம்.

சித்தப்பாவின் மூத்த மகளுக்குப் போன வருடம் 18 முடிந்தது. அவளிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பெயரை மாத்தப் போறீயோ என்று பகிடிக்குக் கேட்டேன். “அப்பப்பாவின்ர பெயர் இருக்கட்டும்” என்றாள். பிறகு கொஞ்சம் யோசிச்சுவிட்டு, “அப்பம்மாவின்ர முழுப் பெயர் என்ன?” என்று கேட்டாள். எனக்கு உடனே சொல்ல வரவில்லை. வீட்டுக்குப் போய் அடையாள அட்டையை எடுத்துப் பார்த்துத்தான் சொன்னேன்.